ஆகாதவர் வீட்டு வெந்நீர்

எங்கள் ஊரான ஓடைமட்டத்தில் ஒரு வீட்டுக்குப் பெண் கொடுப்பதென்றால், பையன் என்ன படித்திருக்கிறான், குடிப்பானா, கோபக்காரனா என்றெல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, அவர்கள் வீட்டு வெந்நீர் எங்கே போகிறது என்று கேட்பார்கள். சொந்தக் குழாய்க்கே வருகிறது என்று பதில் வந்தால் தட்டில் பூப்பழம் மாறும், அடுத்த தெருவுக்குப் போகிறது என்றால் யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள், பையனின் சொந்தத் தாய்மாமன் வீட்டுக்கே போகிறது என்று தெரிந்தால் வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து வந்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது பிடிபடாது. எங்களுக்கே ஆரம்பத்தில் பிடிபடவில்லை. இப்போதும் முழுசாகப் பிடிபட்டுவிட்டது என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

ஆரம்பித்தது துளசிமணி அக்காவின் குளியலறையில். பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே தையல் கடை வைத்திருக்கிற அக்கா. அவர் புருஷன் நாச்சிமுத்து பள்ளிக்கூட ஜீப் ஓட்டுகிறவர். அவர்கள் வீட்டு ஹீட்டருக்குக் கிழடு தட்டிப் பல காலமாகியிருந்தது. அடிப்பக்கம் துருப்பிடித்து, ஒழுகுகிற இடத்தில் துணியைச் சுற்றி, துணியும் ஒழுக ஆரம்பித்ததும் கீழே ஒரு பக்கெட்டை வைத்து, சுவிட்சைப் போட்டால் வெகுநேரம் முனகிவிட்டுச் செம்மண் நிறத்தில் அரை பக்கெட் வெதுவெதுப்பைக் கொடுக்கும்; சில நாள் குழாயைத் தொட்டால் சுரீரென்று ஒரு அடியும் கொடுக்கும். "செருப்பப் போட்டுக்கிட்டுத் தண்ணி வாத்துக்க, ஒண்ணும் பண்ணாது" என்று நாச்சிமுத்து யோசனை சொல்வார். மலை உச்சியில், மேகம் வாசலில் வந்து நிற்கிற ஊரில், வெந்நீர் இல்லாமல் ஒரு நாளைத் தொடங்க முடியாது. அதனால் அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு குளித்தார்.

அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் கீழ்நாட்டுக் கடைக்காரர் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் பந்தல் போட்டு, பழைய ஹீட்டரைக் கொடுத்துப் புதிய ஹீட்டரை எடுத்துப் போங்கள் என்று மைக்கில் கூவ, பாதி ஊர் தன் குளியலறைச் சுவரைக் காலி செய்துகொண்டு அங்கே போய் நின்றது. பழைய ஹீட்டர்கள் எல்லாம் ஒரு லாரியில் ஏறி மலையிறங்கிப் போயின. ஒவ்வொன்றின் நெற்றியிலும் வருஷாவருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்து கிடந்தன, அவற்றைத் துடைத்துவிட்டு அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பூசி வைத்த பொட்டோடு ஒன்றை வீட்டைவிட்டு அனுப்பலாமா, அதனால்தான் இப்படி ஆயிற்று என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். ராகுகாலத்தில் மாட்டினார்கள் என்று சிலர் சொன்னார்கள். எனக்குத் தெரியாது.

துளசிமணி அக்கா வீட்டுப் புது ஹீட்டர் வெள்ளையாக, வாயைத் திறக்காமல் வேலை செய்தது. சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. அக்கா குழாயைத் திறந்தார். பச்சைத் தண்ணீர் வந்தது. மறுபடி போட்டார், மறுபடி பச்சைத் தண்ணீர். மாட்டிவிட்டுப் போன பிளம்பர் இருதயராஜ் திரும்பி வந்து, ஹீட்டரின் குழாய்க் கழுத்தில் கை வைத்துச் சுட்டுக்கொண்டு, கீழே குழாயில் கை வைத்து விறைத்துக்கொண்டு நின்றான்.

"ஏனுங்க்கா, உள்ள நல்லாக் காயுது. ஆனா வெளிய வர்றதில்லை. நடுவுல எங்கியோ போயிருதுங்க."

"எங்கடா போகும்? சுவத்துக்கு அந்தப் பக்கம் தெருதான இருக்குது?"

"அதான் எனக்கும் தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு, தெருவில் இறங்கிச் சுவரை வெளியிலிருந்தும் தடவிப் பார்த்தான். ஈரம்கூட இல்லை.

அந்தத் தண்ணீர் போன இடத்தை ரேஷன் கடை வரிசையில்தான் கண்டுபிடித்தார்கள். துளசிமணி அக்காவின் தம்பி திருமூர்த்தி மேட்டுத் தெருவில், அவர்களுடைய அப்பா கட்டிய வீட்டில் இருந்தான். தேயிலை ஃபேக்டரியில் இலை எடை போடுகிற வேலை. அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் தம்பி பெண்டாட்டி அம்சவேணியும் நாச்சிமுத்துவும், யாரும் பார்க்காதபோது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள்; பகை வைத்திருக்கிற குடும்பங்களில் இப்படி ஒரு சன்னல் எப்போதும் திறந்திருக்கும். அன்றைக்கு அம்சவேணி சர்க்கரைப் பையைக் கட்டிக்கொண்டே, "அண்ணா, எங்க ஹீட்டரப் போடாமயே குழாயில சுடுதண்ணி வருதுங்க. பிளீச்சிங் பவுடர் வாசம் அடிக்குது" என்றாள்.

எங்கள் ஊரில் மேட்டுத் தெருவுக்கு ஊற்றுத் தண்ணீர், இரும்பும் இலையும் கலந்த வாசம் அதற்கு. கீழ்த் தெருக்களுக்குப் பஞ்சாயத்துத் தொட்டித் தண்ணீர், பிளீச்சிங் பவுடர் வாசம். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாலும் எது எந்தத் தெரு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

"சூடாவா வருது?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"கை வெக்க முடியலைங்க."

"அப்ப எங்களுதுதான்" என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த பருப்பை வாங்காமலே அவர் வீட்டுக்குப் போனார்.

விஷயத்தைக் கேட்டதும் துளசிமணி அக்கா தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மிஷினிலேயே விட்டுவிட்டு எழுந்து, "நான் கரண்டு போட்டுக் காய வெப்பேன், அவன் சொகமாத் தண்ணி வாத்துக்குவானா? அவனுக்கு வெந்நீரு ஒரு கேடா?" என்று கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது. அந்தக் கோபத்துக்கு ஒரு கதை உண்டு. அவர்கள் அப்பா இறந்தபோது அக்கா ஈரோட்டில் மகள் வீட்டில் இருந்தார். தகவல் கேட்டு உடனே புறப்பட்டார். ஆனால் கொட்டுகிற மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் பாதியில் நின்றுவிட, சரிவுக்கு மேலே ஏறி, சேற்றில் நடந்து, நனைந்து நடுங்கிக்கொண்டு அவர் வீடு வந்து சேர்ந்தபோது, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தி, எடுத்து, எரியூட்டிவிட்டுத் திரும்பியிருந்தார்கள். அப்பா முகத்தை அவர் பார்க்கவில்லை. வாசலில் தம்பி நின்றிருந்தான். அப்போதுதான் குளித்த அவன் தலையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அக்கா அந்த ஆவியைப் பார்த்தார். "எங்கப்பனச் சுட்ட சூடு பத்தலைன்னு வெந்நீரு கேக்குதாடா உனக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டு, வாசற்படி ஏறாமல் அப்படியே திரும்பியவர்தான். வருஷங்கள் போயின.

இப்போது அவர் காய வைத்த வெந்நீர், தானாகவே வழி கண்டுபிடித்து, அதே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவர் ஒருவர் வீட்டில் மட்டும் என்றால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். ஆனால் பந்தலில் ஹீட்டர் வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும் பச்சைத் தண்ணீர் வந்தது, ஊரின் வேறு ஏதோ ஒரு மூலையில் கேட்காத குழாயில் வெந்நீர் கொட்டியது. மெதுமெதுவாக, முகத்தை இறுக்கிக்கொண்டு, எல்லோரும் புரிந்துகொண்டோம்: சுவிட்சைப் போட்டவருக்கு யார்மேல் மனத்தாங்கலோ அவர் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் போகிறது. அதன்பிறகு ஊரில் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. கூட்டத்தில் டியூஷன் வாத்தியாரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் தலைமையாசிரியரின் தண்ணீர் அந்த வாத்தியார் வீட்டில் கொதித்தது. எனக்கு உலகத்தில் எதிரியே கிடையாது என்று மார்தட்டிய ஹோட்டல் முதலாளியின் தண்ணீர் எங்கும் காணோம் என்று தேடித் தேடி, கடைசியில் அவரைப் பெற்ற தாயார் தனியாக இருந்த வீட்டில் கண்டுபிடித்தார்கள். நாலு பேரோடு சண்டை போட்டவர் தண்ணீர் நாலு வீட்டிலும் பிரிந்து வெதுவெதுவென்று வந்தது. மனைவிக்குப் பதில் நான் போடுகிறேன் என்று நாச்சிமுத்து ஒரு நாள் சுவிட்சைப் போட்டார். வெந்நீர் சமையலறைக் குழாயில், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த துளசிமணி அக்காவின் கைமேலேயே விழுந்தது. அக்கா திரும்பி அவரைப் பார்த்த பார்வையை அவர் சாகும்வரை மறக்க மாட்டார். பிறகு அவர் அந்தச் சுவிட்சின் பக்கம் போகவில்லை.

வன்மம் அறியாத பிள்ளைகளைத் தூக்கிவந்து சுவிட்சைப் போடவைத்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் நன்றாக வந்தது. கடைக்காரர் பலூன் தரவில்லை என்று மூன்றாம் நாள் பிள்ளையின் தண்ணீரும் கடைக்குப் போய்விட்டது. பழைய ஹீட்டர் வைத்திருந்தவர்கள் ஒழுகுகிற டாங்கிக்கு எம்-சீல் அப்பி, அது இன்னும் சில வருஷம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். என் தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள், நான் விறகடுப்பில் காய்ச்சிக்கொண்டேன்.

ஆனால் எத்தனை நாளைக்கு ஒரு ஊர் ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருக்க முடியும்? குளிர் பொறுக்காது. ஆகாதவர்கள் இருவர் வீட்டிலும் புது ஹீட்டர் இருந்தால், ஒருவர் மற்றவருக்குக் காய்ச்சினால் போயிற்று என்று யாரோ கண்டுபிடித்தார்கள். பேச வேண்டியதில்லை, ஒரு மிஸ்டு கால் போதும். நான் போட்டுவிட்டேன், நீ குழாயைத் திற என்று அர்த்தம். இப்படியாக, முகம் பார்க்காதவர்கள் ஒருவரையொருவர் குளிப்பாட்டிக்கொண்டு எங்கள் ஊரில் வாழ்ந்தார்கள். ஆகாதவன் வெளியூர் போனால் இங்கே இருப்பவனுக்கு வெந்நீர் இல்லை. ஆகாதவனுக்குக் காய்ச்சல் என்றால் இவனுக்குக் கவலை வந்தது.

திருமூர்த்திக்கு மட்டும் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவன் வீட்டில் இருந்தது அப்பா தன் கையால் துளை போட்டு மாட்டிய செம்பு டாங்கி ஹீட்டர். பழசு, ஆனால் ஒரு சொட்டு ஒழுகாது. அதுவும் காய்ந்தது, அக்கா தண்ணீரும் சும்மா வந்தது. அக்காவோ பச்சைத் தண்ணீரில் குளித்துக் குளித்து இருமிக்கொண்டிருந்தார். அந்த நிலையில் ஒரு நாள் திருமூர்த்தி இருதயராஜைக் கூப்பிட்டு, அப்பாவின் ஹீட்டரைக் கழற்றி இறக்கிவிட்டு, அதே பந்தல் கடைக்காரரிடம் வாங்கிய ஒரு புது ஹீட்டரை மாட்டினான்.

"நல்லாத்தான இருக்குதுங்க, எதுக்குங்க மாத்தறீங்க?" என்று இருதயராஜ் கேட்டதற்கு, "ஒழுகுது" என்றான். ஒழுகவில்லை என்று இருதயராஜ் ஊரெல்லாம் சொன்னான்.

அடுத்த நாள் காலையில் துளசிமணி அக்கா, அவர் வழக்கமாகக் குளிக்கிற நேரத்துக்கு, பல்லைக் கடித்துக்கொண்டு குழாயைத் திறந்தபோது வெந்நீர் வந்தது. ஊற்றுத் தண்ணீர் வாசம் அடித்தது. அந்த வாசத்தில் அவர் பிறந்து வளர்ந்திருக்கிறார். கையை இழுத்துக்கொண்டு வெளியே வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அவனுக்கு எம்மேல கோவமா?" என்று புருஷனைக் கேட்டார். "தப்புப் பண்ணுனது அவன். கோவப்பட வேண்டியது நானு. அவனுக்கு என்ன கோவம் எம்மேல?"

"உன்ற தம்பிகிட்டப் போய்க் கேளு."

"நான் எதுக்குக் கேக்கோணும்?"

ஊரும் குழம்பிப்போயிருந்தது. அக்கா மேல் வன்மத்தைக் காட்டத்தான் மாற்றினான் என்று பாதிப்பேர் சொன்னார்கள், அக்கா குளிரில் கிடக்கக் கூடாது என்று மாற்றினான் என்று மீதிப்பேர் சொன்னார்கள். கோபம் இல்லாவிட்டால் தண்ணீர் அங்கே போயிருக்காது. பாசம் இல்லாவிட்டால் அவன் நல்ல ஹீட்டரைக் கழற்றியிருக்க மாட்டான். இரண்டும் ஒரே குழாயில் வந்தால் அதற்கு என்ன பெயர் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா சில நாள் வீம்பாகப் பச்சைத் தண்ணீரிலேயே குளித்து, காய்ச்சலில் விழுந்து, எழுந்து, பிறகு ஒன்றும் சொல்லாமல் தம்பியின் வெந்நீரில் குளிக்க ஆரம்பித்தார். அவன் ஃபேக்டரிக்குக் கிளம்புகிற நேரத்துக்கு அவரும் சுவிட்சைப் போட்டார். மிஸ்டு கால்கூடக் கிடையாது. ஆனால் தினமும் குழாயைத் திறக்கும்போது அவர் முதலில் முகர்ந்து பார்ப்பார். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு தலைக்கு ஊற்றிக்கொள்வார். என்ன கோபம் என்பதுதான் அவரை அரித்தது.

இதற்கிடையில் ரெஜினா டீச்சரின் சமாசாரம் நடந்தது. டீச்சருக்கும் அவருடைய பழைய சிநேகிதிக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. ஒரு நாள் டீச்சர் போட்ட தண்ணீர் டீச்சர் குழாயிலேயே வந்தது. மனம் இளகினால் தண்ணீர் வீடு திரும்பும் என்று அதற்குள் ஊருக்குத் தெரிந்திருந்தது. சண்டை தீர்ந்த புருஷன் பெண்டாட்டி ஒரு சிலருக்கு அப்படித் திரும்பியிருந்தது. டீச்சர் சந்தோஷமாகக் குளித்து, கேக் வாங்கி வைத்துக்கொண்டு சிநேகிதியைப் பார்க்கப் புறப்படும்போது தகவல் வந்தது: அந்த அம்மாள் காலையிலேயே கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். போய்ச் சேர ஆள் இல்லாததால்தான் தண்ணீர் திரும்பியிருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் ஊரில் சொந்தக் குழாயில் திடீரென்று சொந்த வெந்நீர் வந்தால் யாரும் சிரிப்பதில்லை. முதலில் ஆள் அனுப்பி விசாரிப்பார்கள்.

அந்த வருஷத் தீபாவளி விடிந்தது. மேகம் தெருவில் இறங்கியிருந்தது, அங்கங்கே சரம் வெடித்தது. துளசிமணி அக்கா தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டு, நோம்பி நாளில் தம்பிக்குத் தண்ணீர் தாமதமாகக் கூடாது என்று முதலில் சுவிட்சைப் போட்டார். பிறகு குழாயைத் திறந்து, வழக்கம்போல் முகர்ந்தார். வெந்நீர்தான். பிளீச்சிங் பவுடர் வாசம்.

"ஏனுங்க! இங்க வாங்க!"

நாச்சிமுத்து வந்து முகர்ந்தார். "நம்ம தண்ணி" என்றார்.

"நான் அவன மன்னிச்சுட்டனா?"

"அத எங்கிட்டக் கேட்டா எனக்கெப்புடித் தெரியும்?"

"நான் மன்னிக்கலைங்க. எனக்குத் தெரியாதா? நேத்துக்கூட மனசுக்குள்ள திட்டுனேன்..." அக்கா குழாயை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். "அப்ப அவன்... அம்சவேணிக்குப் போன் போடுங்க!"

நாச்சிமுத்து போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வெடிச் சத்தத்தில் காதில் விழவில்லையோ, எடுக்க யாருக்கும் மனசில்லையோ. அக்கா அதற்குள் தெருவில் இறங்கியிருந்தார். செருப்பில்லை, கசங்கிய சேலை, அதன்மேல் ஸ்வெட்டர், காதோரம் வழிகிற எண்ணெய். வெடித்த காகிதங்களை மிதித்துக்கொண்டு, என்னக்கா, என்னாச்சு என்று வாசலுக்கு வாசல் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல், இந்தத் தடவையும் முகத்தைப் பார்க்க விடாமல் எடுத்துருவாங்களோ, இந்தத் தடவையும் நான் பிந்திப் போவனோ என்று வாய்விட்டுப் புலம்பிக்கொண்டு ஓடினார்.

மார்க்கெட் படிக்கட்டில் பாதி ஏறியிருப்பார். மேலேயிருந்து மேகத்துக்குள் ஒரு ஆள் தடதடவென்று இறங்கி வந்தான். இடுப்பில் துண்டு, மேலே மங்கிக் குல்லா, குல்லாவுக்குக் கீழே முகமெல்லாம் எண்ணெய். இரண்டு படி மேலே வந்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உசுரோடதான் இருக்கியாடா?" என்று அக்கா கேட்டார்.

"நீ இருக்கறயாக்கா?" என்றான் திருமூர்த்தி. அவனுக்கு மூச்சு வாங்கியது. "எந்தண்ணி என் வீட்லயே வந்துருச்சு. நான் உம்மேல கோவத்த விட்டுப்போட்டேன்னு நெனச்சுக்கூடப் பாக்கலை, அதனால நீதான்..."

எண்ணெய் கண்ணில் இறங்கியிருந்தது, அழுகிறானா எரிச்சலா என்று தெரியவில்லை. அக்கா முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "அப்ப நீதான் மொதல்ல மனசு மாறியிருக்கற" என்றார்.

"நான் எங்க மாறுனேன்? நீதான்."

"நான் மாறலை. எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்."

படிக்கட்டில் கூட்டம் கூடிவிட்டது. இருதயராஜ்கூட நின்று பார்த்துக்கொண்டிருந்தான். யார் முதலில் விட்டுக்கொடுத்தது என்று இருவரும் கொஞ்ச நேரம் சத்தம் போட்டார்கள். அது இன்றுவரை தீர்மானமாகவில்லை. பிறகு அக்கா திடீரென்று குரல் இறங்கி, "எம்மேல உனக்கு என்னடா கோவம்?" என்று கேட்டார்.

திருமூர்த்தி படியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அன்னிக்கு அந்த வெந்நீரு எனக்கு வெச்சதில்லைக்கா. நீ மழைல நடந்து வரேன்னு தகவல் வந்துச்சு. நடுங்கிட்டு வருவேன்னுதான் எடுக்கறதுக்கு முன்னாடியே சுவிட்சப் போட்டுட்டுப் போனேன். திரும்பி வந்து நான் வெறச்சு நின்னதப் பாத்துட்டு, சித்தப்பா அதத் தூக்கி எந்தலைல ஊத்திப்போட்டாரு. நீ எல்லாரு முன்னாடியும் அப்புடிக் கேட்டயே."

அக்கா அவனைத் தாண்டி மேலே படியேற ஆரம்பித்தார். அவன் பின்னாலேயே போனான்.

அப்பா வீட்டு வாசற்படியை அவர் எப்படி ஏறினார் என்று அம்சவேணி பிறகு எல்லோருக்கும் சொன்னாள்: ஏறியது அவருக்கே தெரியவில்லையாம். முற்றத்தில் அப்பாவின் பழைய ஹீட்டர், லாரியில் போகாமல், பொட்டுக்கூடக் கலையாமல் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. அதைத் தொட்டுவிட்டு நேராகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திருமூர்த்தி வெளியே நின்று சுவிட்சைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, கதவிடுக்கில் ஆவி வந்தது, இரும்பும் இலையும் கலந்த வாசம் முற்றம்வரை வந்தது.

"சூடு பத்துமாக்கா?"

சொம்பு சொம்பாக ஊற்றிக்கொள்கிற சத்தம் மட்டும் வந்தது.

"பத்துமான்னு கேட்டேன். தண்ணி வாத்தது போதும், வெளிய வாக்கா. சளி புடிச்சுக்கும்."

"சித்த பொறுடா" என்று உள்ளேயிருந்து உடைந்த குரல் வந்தது. "அன்னிக்கு நனஞ்ச மழையே இன்னும் போகலை."

திருமூர்த்தி மறுபடியும் சுவிட்சைப் போட்டான்.